இடுப்போரத்து மங்கல்

அண்ணிக்கு எல்லாவற்றுக்கும் பயம். லிஃப்டில் ஏறினால் பாதி வழியில் நின்றுவிடுமோ என்று பயம். படியில் இறங்கினால் கால் இடறுமோ என்று பயம். போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே முகம் வெளுத்து, "யாருக்கு என்ன ஆச்சோ" என்பார். எடுத்தால், கடன் வேண்டுமா என்று எவனோ ஒருவன் கேட்பான். அவனிடம்கூட, "நல்லா இருக்கியாப்பா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பார். எங்கள் வீட்டில் தைரியசாலி என் அண்ணன் ஒருவன்தான். சுற்றி என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரிந்தால்தானே பயப்படுவதற்கு!

இப்படிப்பட்ட அண்ணி கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கூட்டம், சத்தம், மேலிருந்து தொங்கும் விளக்குகள், தரையெல்லாம் வயர். பயப்படுகிறவருக்கு அங்கே காரணத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அவரிடம் ஒரு லென்ஸ் இருந்தது. சின்னச் சொம்பு அளவுக்கு இருக்கும், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அதன் வாயை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தால் மணப்பெண்ணின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். காதுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போயிருக்கும். மடக்கு நாற்காலி, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பெரியப்பா, எல்லாரும் எல்லாமும் வெறும் நிறமாகியிருப்பார்கள்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் அப்படிக் கரைந்துவிட்டார். பெண்ணுக்கு ஒரு எட்டு பின்னால் நின்றதுதான் அவர் செய்த குற்றம். மாப்பிள்ளையின் அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

"எம் பையன் எங்கம்மா இதுல?"

"பின்னாடி நிக்கிறாரே, அந்த நீலம்..."

"நீலமா? மூணு மாசம் அலைஞ்சு தைச்ச கோட்டும்மா அது! புகை மாதிரி நிக்கிறான். பார்க்கிறவங்க, பொண்ணு ஆவியைக் கட்டிக்கிட்டாளோன்னு நினைப்பாங்க."

அதன்பிறகு இரண்டு பேர் என்றால் லென்ஸின் வாயைக் கொஞ்சம் மூடுவார், இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவார். தனி ஆள் என்றால் மறுபடியும் முழுசாகத் திறந்துவிடுவார். அப்படி என்ன மோகம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் பார்த்தா பயமில்ல பாப்பா," என்றார். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் எனக்கு இன்னும் அந்தப் பெயர்தான். "மத்ததெல்லாம் பின்னாடி போயி கரைஞ்சிடுது பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சே வருது."

பின்னணியைக் கரைக்கும் வித்தையை எல்லார் போனும் கற்றுக்கொண்டதும் ஸ்டுடியோவை மூட வேண்டி வந்தது. அண்ணிக்கு ஒரு தோல் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அதுவும் படம் எடுக்கிற வேலைதான், ஆனால் எல்லாம் தலைகீழ். உடம்பில் மச்சம் அதிகம் உள்ளவர்கள், அது புற்றுநோயாகிவிடக்கூடாதே என்று வருஷத்துக்கு ஒருமுறை அங்கே வருவார்கள். அதே சுவர், அதே தூரம், அதே நிலை. முதுகு, மார்பு, கை, கால் என்று படம் எடுத்துப் போன வருஷப் படத்தோடு ஒப்பிட வேண்டும். புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா, பழையது உருமாறியிருக்கிறதா என்று வேறொரு ஊரில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்துச் சொல்வார். முதுகு ஒன்றும் பலகை இல்லையே. தோள் முன்னால் வரும், இடுப்பு வளைந்து பின்னால் போகும். எல்லாம் ஒரே அளவு துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் லென்ஸின் வாயை ஊசித்துளையாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது, அதற்குப் பெரிய ஃபிளாஷ். அந்த வெளிச்சத்தில் ராஜகுமாரியின் தோல்கூடப் பழைய தார் ரோடு போலத்தான் இருக்கும்.

தலைமை நர்ஸை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். "இங்க யாரும் அழகா வரக்கூடாது. வந்தா எங்கயோ தப்புன்னு அர்த்தம்."

அண்ணி சரியென்று தலையாட்டினார். ஆனாலும் தன் லென்ஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் தினமும் போனார். சிலருக்கு மாத்திரை டப்பா கைப்பையில் இருந்தால்தான் நிம்மதி, அதுபோல.

வெயில் காலத் தொடக்கத்தில் ஒரு காலை, ஃபிளாஷ் உயிரை விட்டது. அன்றைக்கென்று வந்தவர் ஒரு நீச்சல் வாத்தியார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். பிள்ளைகள் அவரைத் திமிங்கிலம் சார் என்றுதான் கூப்பிடுவார்களாம். வருஷமெல்லாம் திறந்தவெளிக் குளத்தில் சட்டையில்லாமல் நிற்கிற உடம்பு. போன வருஷம் ஒருமுறை வந்துபோனவர்தான், இப்போது தோளில் இருந்த ஒரு மச்சம் அரிக்கிறது என்பதால் மனைவி இழுத்து வந்திருந்தார்.

"இன்னொரு நாள் வர முடியுமா?" என்று அண்ணி கேட்டார்.

"இன்னொரு நாளா?" மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னிக்கே கிரேன் வெச்சுத் தூக்காத குறைதாம்மா. ஊசியைப் பார்த்தா மயங்கி விழற மனுஷன். இந்த வாசலைத் தாண்டிப் போனார்னா அவ்வளவுதான்."

அண்ணி ஒரு நிமிஷம் யோசித்தார். கைப்பையைத் திறந்தார். ஜன்னலோரம் அவரை நிறுத்தி, தன் லென்ஸை மாட்டி, வெளிச்சம் போதாத குறைக்கு அதன் வாயை முழுக்கத் திறந்தார்.

"நேரா நில்லுங்க சார்."

"நேராத்தான் நிக்கிறேன். எம் பொண்டாட்டிதான் கோணலா பார்க்கிறா," என்று திரும்பி அவர் சிரிக்க, தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமுமாக உடம்பு முறுக்கிக்கொண்டது. அண்ணி தோள் மச்சத்தில் போகஸ் வைத்துப் படத்தை எடுத்து அனுப்பிவிட்டார். ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்று டாக்டரிடம் சொன்னார். லென்ஸை மாற்றியதைச் சொல்லவில்லை. அது ஒரு விஷயமாகவே அப்போது தோன்றவில்லையாம். கேட்ட மச்சம் துல்லியமாக இருந்தது. டாக்டர் பார்த்தார், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார், அடுத்த வருஷம் வரச்சொன்னார்.

"இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்!" என்று வாத்தியார் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அண்ணி அந்தப் படத்தை மறுபடியும் திறந்தார். வேலைக்காக அல்ல. படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. நெடுநாள் கழித்து எடுத்த நல்ல படம். ஜன்னல் வெளிச்சம் தோளில் விழுந்து, முதுகெலும்பின் வழியே வழிந்து, இடுப்புக்குப் போகும்போது மெல்லக் கரைந்திருந்தது. அந்தக் கரைதலை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. இடது இடுப்போரம், கரும்பழுப்பாக ஒரு திட்டு. விளிம்பில்லாத, தண்ணீரில் விழுந்த மை மாதிரி ஒன்று.

போன வருஷப் படத்தைப் பக்கத்தில் வைத்தார். அதில் உடம்பு முழுக்க முடி, பரு, தழும்பு என்று எல்லாம் கண்ணைக் குத்தின. இடது இடுப்போரம் மட்டும் வெறுமையாக இருந்தது.

கால்சட்டை நாடாவாக இருக்கலாம். நிழலாக இருக்கலாம். ஒட்டிய பஞ்சாகக்கூட இருக்கலாம். படத்தைக் கூர்மையாக்கும் பொத்தானை அழுத்தினார். திட்டுக்குக் கால்கள் முளைத்து வண்டாகிவிட்டது. இன்னொன்றை அழுத்தினார், நூலாகிவிட்டது. மூன்றாவதை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. கேட்டதற்கெல்லாம் கம்ப்யூட்டர் எதையாவது ஒன்றைக் காட்டியது, காலையில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைத் தவிர. லென்ஸ் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. இல்லாததை எங்கே போய்த் தேடுவது?

அண்ணி எழுந்தார். நேரே பெரிய சிஸ்டரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னார். லென்ஸையும் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். பெரிய சிஸ்டர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையை வெகுநேரம் பார்த்தார். அதுதான் அண்ணியை இன்னும் பயமுறுத்தியது.

"போனைப் போடு," என்றார் கடைசியில்.

வாத்தியார் எடுக்கவில்லை. மனைவிதான் எடுத்தார். "ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களேம்மா? மறுபடி எதுக்கு? அவரு உங்க நம்பரைப் பார்த்தாலே தண்ணிக்குள்ள போயிடுவாரு. அதுவும் நாளைக்கு விடியக்காலைல பசங்களைக் கூட்டிக்கிட்டுக் கடல் பயிற்சிக்குக் கிளம்பறாரு. லீவு முடியற வரைக்கும் அங்கதான். வந்ததும் பார்த்துக்கலாமே?"

லீவு முடியும்வரை. அவ்வளவு வெயில். அவ்வளவு நாள். அண்ணி தனக்குத் தெரிந்த நோயாளிகளை நினைத்துப் பார்த்தார். சீக்கிரம் வந்ததால் தப்பியவர்கள் உண்டு. கொஞ்சம் கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் திரையில் அவர்களிடம் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

எனக்குப் போன் வந்தது. "எங்க இருக்க பாப்பா? உடனே வா. நீச்சல் குளத்துக்குப் போகணும்."

"நீங்களா?" என்றேன். குளியல் தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் விடாதவர் அண்ணி.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் பல் தந்தியடித்தது. படத்தை எனக்குக் காட்டவில்லை, நோயாளியின் படத்தை வெளியாளிடம் காட்டக்கூடாது. தன் இடுப்பிலேயே விரலை வைத்து, "இங்க, இவ்ளோ பெருசு," என்று மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார். ஒன்றுமில்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் ஒரு மனுஷரைக் கிலி பிடிக்க வைத்த பாவம். ஏதாவது இருந்தாலோ, விரல் மறுபடியும் இடுப்புக்குப் போகும். யாரோ ஒருவருடைய இடுப்புக்காக எனக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று புரியவில்லை.

குளத்தில் குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் இடுப்பளவு தண்ணீரில் நின்று விசில் ஊதினார். அண்ணியைப் பார்த்தார். விசில் வாயிலிருந்து விழுந்தது. அப்படியே முழங்காலை மடக்கிக் கழுத்து வரை தண்ணீருக்குள் போய்விட்டார்.

"டேய், திமிங்கிலம் சார் முங்கிட்டாருடா!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எல்லாரும் மேல ஏறுங்க! பத்து நிமிஷம் ரெஸ்ட்!" என்றார் அவர். பிள்ளைகள் கலைந்ததும், தண்ணீருக்கு மேல் தெரிந்த அந்தத் தலை மட்டும் எங்களிடம் பேசியது. "என்ன மேடம், சாக்லேட் பத்தலையா?"

"ஒரே ஒரு படம் மறுபடி எடுக்கணும் சார். அஞ்சு நிமிஷம் போதும்."

"டாக்டரே பார்த்துச் சொல்லிட்டாரு. நீங்க படம் புடிக்கிறவங்கதானே?"

"ஆமா சார். படம் புடிக்கிறதுதான் என் வேலை. அதைத்தான் தப்பாப் புடிச்சிட்டேன்." அண்ணி இன்னொரு எட்டு முன்னால் வந்தார். "டாக்டர் உங்க முதுகைப் பார்க்கல. தோள்ல ரெண்டு விரல் தடிமன் இருக்கிற ஒரு பட்டையைத்தான் பார்த்தாரு. மிச்சமெல்லாம் நான் கரைச்சு விட்டது. அழகா இருக்கேன்னு அனுப்பிட்டேன். இடுப்போரம் என்னமோ இருக்கு சார். என்னன்னு தெரியல."

வாத்தியார் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கைகளைத் துழாவி மெல்லப் பின்னால் நகர்ந்தார். ஆழமான பக்கம்.

"எங்கண்ணனும் இப்படித்தான்," என்றார். "ஒண்ணுமில்ல, ஒரு சின்னக் கட்டின்னு கூட்டிட்டுப் போனாங்க. நடந்துதான் போனான். திரும்பி நடந்து வரல. நான் வரமாட்டேன் மேடம். கடலுக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன்."

"வந்து பார்க்கிற விஷயமில்ல சார் இது."

"போங்க மேடம். தயவுசெஞ்சு போங்க."

நான் அண்ணியின் கையைப் பிடிக்கப் போனேன், போய்விடலாம், அவர் மனைவியை அழைத்து வரலாம் என்று. கை அங்கே இல்லை. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். முதல் படி. கணுக்கால் நனைந்தது. இரண்டாவது படி. உடை ஊதிக்கொண்டு மேலே மிதந்தது. உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது, குளிரால் அல்ல.

"நீங்க வரலேன்னா நான் வரேன். எனக்கு நீச்சல் தெரியாது, முன்னாடியே சொல்லிடறேன்."

"அண்ணி!" என்று கத்தினேன்.

"ஏய் ஏய் ஏய்! கம்பியை விடாதீங்க! அந்தப் படி வழுக்கும்!" வாத்தியார் இரண்டே வீச்சில் நீந்தி வந்துவிட்டார். யோசித்து வந்தவராகத் தெரியவில்லை. தண்ணீரில் தடுமாறுகிற எவரைப் பார்த்தாலும் அந்த உடம்பு தானாக வந்துவிடும் போலிருந்தது. அண்ணியின் முழங்கையைப் பிடித்துப் படியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, மூச்சு வாங்க, "பைத்தியமா உங்களுக்கு?" என்றார்.

"திரும்புங்க சார்," என்றார் அண்ணி.

அவர் அசையவில்லை. தண்ணீர் மட்டும் படியில் தளும்பிக்கொண்டிருந்தது. பிறகு, ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பினார்.

அது நாடா இல்லை. நிழலும் இல்லை. அண்ணி ஈரக்கையால் அதன் மேல் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பழுப்பு, விளிம்பு கிழிந்த காகிதம் போல. ஓரமாக நின்ற எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

"அழுக்குதானே மேடம்?" என்றார் வாத்தியார், கண்ணைத் திறக்காமல். "சொல்லுங்க. அழுக்குதானே?"

அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சட்டையைப் போட்டுக்குங்க சார். போலாம்," என்றார்.

வழியில் மனைவிக்குச் சொல்ல, அவரும் வந்து சேர்ந்தார். மருத்துவமனையில் ஃபிளாஷ் இன்னும் பிணமாகத்தான் கிடந்தது. அண்ணி கேமராவை முக்காலியில் பூட்டினார். அதே லென்ஸ்தான், ஆனால் வாயை இந்த முறை மூடக்கூடிய மட்டும் மூடிவிட்டார். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே வரும், அதுவரை ஆள் அசையக்கூடாது. காலையிலேயே இதைச் செய்திருக்கலாம். கொஞ்சம் பொறுமை போதுமாயிருந்தது.

ஆனால் காலையில் ஜோக் அடித்த மனிதர் இப்போது நடுங்கினார். முதல் படம் அந்த நடுக்கத்திலேயே கலங்கிப்போனது. இரண்டாவதும்.

"ஏங்க, என்னைப் பாருங்க," என்று மனைவி முன்னால் வந்து அவருடைய இரண்டு கையையும் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் உதறினீங்க. அப்ப என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. என்னைத்தான் கட்டினீங்க."

"அதுக்கப்புறம் நடந்ததைப் பார்த்தா உதறினது நியாயம்தான்," என்றார் அவர். குரல் உடைந்திருந்தது, ஆனால் உடம்பு நின்றது. அண்ணி அந்த நொடியைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் திரையில் வந்தார். இந்த முறை படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது காலைல எனக்குத் தெரியலையே?" என்று கேட்டார். பெரிய சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொல்லிவிட்டார். டாக்டர் கேட்டுக்கொண்டார். "அதை அப்புறம் பேசலாம். இதை உடனே எடுத்துடணும்," என்றார்.

வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை. அண்ணி தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துபோவார். வேலை போய்விடும் என்று நான் பயந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் அண்ணன்கூட ஒரு நாள் நிமிர்ந்து பார்த்து, "ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டான்.

முடிவு வந்த அன்று போன் அடித்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான்தான் எடுத்து அவர் காதில் வைத்தேன். பெரிய சிஸ்டரின் குரல் எனக்கும் கேட்டது. "அதேதான். நாம பயந்ததுதான். ஆனா இன்னும் தோல் மேலேயே இருந்திருக்கு, உள்ள இறங்கல. சுத்தமா எடுத்தாச்சு. லீவு முடிஞ்சு வந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க முடியுமான்னு தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "உன் லென்ஸ் இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள வரக்கூடாது. நீ வரலாம்," என்றார்.

அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

லென்ஸை அவர் விற்கவில்லை. வார இறுதிகளில் யாராவது கூப்பிட்டால் இன்னும் கல்யாணத்துக்கு எடுத்துப் போகிறார். முன்பு போல் போனதும் வாயைத் திறந்துவிடுவதில்லை. மணப்பெண்ணைச் சுற்றி ஒரு நடை நடந்து, பின்னால் யார் நிற்கிறார்கள், என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறார். "கரைக்கலாம் பாப்பா. என்னத்தைக் கரைக்கிறோம்னு பார்த்துட்டுக் கரைக்கணும்," என்றார் ஒருமுறை, லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாத்தியார் பரிசோதனைக்கு வர வேண்டும். முதல் தடவை வந்தபோது புது ஃபிளாஷ் வந்திருந்தது. அன்று காலை அண்ணி வீட்டில் காபியைக் கையில் கொட்டிக்கொண்டுதான் கிளம்பினார். நடந்ததை மாலையில் சொன்னார். படத்தைத் திரையில் பார்த்ததும் வாத்தியார் அலறிவிட்டாராம்.

"என்ன மேடம் இது! இவ்ளோ கோரமாவா இருக்கேன்?"

"கோரமாத்தான் சார் இருக்கீங்க."

"நான் இத்தனை வருஷமா சொல்றேன், நம்பினாரா?" என்றாராம் மனைவி.

பிறகு அண்ணி படத்தைப் பெரிதாக்கி, கழுத்தில் தொடங்கி, தோள், முதுகு, தழும்பு, இடுப்பு என்று விரல்விரலாக நகர்த்திப் பார்த்திருக்கிறார். பழைய படத்தைப் பார்ப்பார், புதியதைப் பார்ப்பார், மறுபடியும் பழையதைப் பார்ப்பார். வாத்தியார் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணியின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். சீக்கிரம் என்று அவரும் சொல்லவில்லை, அண்ணியும் அவசரப்படவில்லை.